காணாமல் போகாத கோப்பு

போன வாரம் எங்கள் பழைய அலுவலகப் பிள்ளைகள் செல்போனில் நடத்தும் குழுவில் ஒரு படம் வந்தது. கணினித் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி. இன்ன டிஎல்எல் கோப்பைக் காணவில்லை, அதனால் இந்த மென்பொருள் திறக்காது என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தைப் போட்ட பிரவீணா கீழே கேட்டிருந்தாள்: "மேடம், ஏஐ கிட்ட கேட்டா அந்தக் கோப்பைத் தனியா டவுன்லோட் பண்ணிப் போடச் சொல்லுது. உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

உங்க காலத்துல! நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தீபாவளிதான் வந்து போயிருக்கிறது. அதற்குள் என்னை அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பானை மாதிரி பார்க்கிறார்கள். "முதல்ல அந்தக் கோப்பை டவுன்லோட் பண்ணாதே, மத்ததை விவரமா எழுதறேன்" என்று பதில் போட்டேன். எழுத உட்கார்ந்தால் விவரம் வளர்ந்துகொண்டே போகிறது. அதுதான் இது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் நிறுவனம். ஒலிப்பதிவுக்கூடம், பாட்டு வகுப்பு, மெல்லிசைக் குழு என்று சத்தத்தை வைத்துப் பிழைக்கிற எல்லோருடைய கருவிகளையும் பழுது பார்ப்போம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப் ரெக்கார்டரின் தலையைத் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். டேப் போய் சிடி வந்தது, சிடி போய் கணினி வந்தது. நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன். படித்து வாங்கிய பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

கணினி வேலையைப் பழக்கியவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் ஜெயசீலன் சார். வாடிக்கையாளர் இடத்துக்குப் போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கணினியைத் தொடமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார். திரையில் வந்திருக்கும் செய்தியை வாடிக்கையாளரே வாய்விட்டுப் படிக்கவேண்டும்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க" என்பார்கள்.

"எழுத்துக் கூட்டிப் படிங்க. அவசரமில்ல" என்பார்.

வெளியே வந்ததும் எனக்கு விளக்குவார். "மெசேஜை யாரும் படிக்கிறதில்ல கிரிஜா. ஓகேன்னு அமுக்கிட்டு நமக்கு போன் பண்ணிடறாங்க. வாயால படிக்க வெச்சா பாதிப் பேருக்கு அங்கேயே புரிஞ்சிடும். நமக்கும் வேலை மிச்சம்."

இரண்டாவதாக, கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது என்று கேட்பார். மூன்றாவதாக, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்பார். எல்லோரும் "ஒண்ணுமே மாத்தல சார்" என்றுதான் சொல்வார்கள். அவர் அப்படியே நிற்பார். கொஞ்ச நேரத்தில் "மச்சான் வந்து ஏதோ கிளீன் பண்ணினான்" என்று வெளியே வரும்.

இந்த டிஎல்எல் என்னும் நூலகக் கோப்புகளை அவர் கல்யாணச் சமையலை வைத்துத்தான் விளக்கினார். "கான்ட்ராக்டர் மட்டும் வந்து நின்னா இட்லி வெந்துடுமா? மாவரைக்க, காய் நறுக்க, தேங்காய் துருவ ஆளுங்க வரணும். மென்பொருள்ங்கிறது கான்ட்ராக்டர். இந்தக் கோப்பெல்லாம் அவரோட ஆளுங்க. ஒருத்தன் வரலன்னாலும் அடுப்பே பத்தவைக்க மாட்டேன்னு கான்ட்ராக்டர் உட்கார்ந்துக்குவார். ஏன் வரலன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை."

ஆள் வராமல் போகக் காரணங்கள் உண்டு. நிறுவும்போதே பாதியில் நின்றிருக்கலாம். வேறு ரகக் கணினிக்கான ஆள் வந்து சேர்ந்திருக்கலாம். ஆள் வந்திருப்பான், அவனுக்குத் துணையாக வரவேண்டியவன் வந்திருக்கமாட்டான். இல்லையென்றால் வைரஸ் தடுப்பு மென்பொருள் அவனைத் திருடன் என்று நினைத்துப் பிடித்து அடைத்திருக்கும். அந்த அறையை சார் ஜெயில் என்பார். "மொதல்ல ஜெயில்ல பாரு கிரிஜா."

இணையத்தில் எங்கோ கிடக்கிற கோப்பைத் தனியாக எடுத்துப் போடுவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "ரோட்டுல கிடந்த மாத்திரை, பேர் சரியா இருக்குன்னு எடுத்து முழுங்குவியா?" என்பார். கோப்பு வேண்டுமென்றால் மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்துதான் வரவேண்டும். பிரவீணாவுக்கு அந்த முதல் வரியை நான் எழுதியதும் இதனால்தான்.

ஜெயில் விவகாரம் ஒன்று உடனே நினைவுக்கு வருகிறது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் அலமேலு மாமி பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் வகுப்பு முழுவதையும் ஒரே பதிவாக எடுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டும் மென்பொருளில் போடுவார். சத்தம் நிற்கிற இடத்தில் அது வெட்டும். பிறகு ஒவ்வொரு மாணவிக்கும் அவள் பாடிய துண்டு போகும். திடீரென்று ஒரு நாள் மென்பொருள் திறக்கவில்லை. ஜெயிலில் பார்த்தேன். கோப்பு அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"நம்மாத்துல நன்னா வேலை செஞ்சிண்டிருந்ததே! அதைப் போய் யார் பிடிச்சுப் போட்டா?" என்று மாமி பதறினார்.

"சந்தேகக் கேஸ் மாமி. விடுதலை பண்ணிட்டேன்."

மறுநாள் மீண்டும் அழைத்தார். இந்தத் தடவை மென்பொருள் திறந்திருந்தது. ஆனால் ஒரு கீர்த்தனை ஏராளமான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. புது மாணவி ஒவ்வொரு வரிக்கும் நடுவே நின்று யோசித்திருக்கிறாள், மென்பொருளும் நம்பி நம்பி வெட்டியிருக்கிறது. "இதுக்கு உன்னண்ட வைத்தியம் இல்லடி, என்னண்டதான் இருக்கு" என்று மாமியே சொல்லிவிட்டார்.

பிறகு ஜெயசீலன் சார் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். பாட்டைத் துண்டு துண்டாக வெட்டியது போதாதென்று, ஒரே பாட்டிலிருந்து குரலைத் தனியாகவும் இசையைத் தனியாகவும் உரித்தெடுக்கும் மென்பொருள்களும் வந்தன. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்த தமிழரசுவின் கேஸ் அந்த வகை.

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அறை. 'இசைக்கடல்' என்ற மெல்லிசைக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"மேடம், பேஜாரா கீது. சாயங்காலம் ஆழ்வார்பேட்டைல ரிசப்ஷன் ப்ரோக்ராம். கீபோர்டு வாசிக்கிறவனுக்கு அம்மை போட்டுக்கிச்சு. ட்ராக் போட்டுத்தான் பாடணும். பாட்டைப் பிரிக்கிற சாஃப்ட்வேர் தெறக்கவே மாட்டேங்குது. ஓடியாங்க."

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் தள்ளிக்கொண்டு போன திசையிலேயே போய்ச் சேர்ந்தேன். அறையில் தமிழரசுவோடு இன்னொருவர் இருந்தார். புதுப் பட்டுச் சட்டை, காலரில் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"இவரு ஏகாம்பரம். பொண்ணோட அப்பா" என்றார் தமிழரசு.

கல்யாணப் பெண்ணின் அப்பா ரிசப்ஷன் நாளன்று எவர்சில்வர் கடை மாடியில் ஏன் கொப்பளிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். இளைஞராக இருந்தபோது இசைக்கடலில் அவர் பாடகர். சரோஜாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் அவருக்காகவே ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, குழுவின் வாத்தியக்காரர்களை வைத்துக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். பிறகு பேருந்து நடத்துனர் வேலை கிடைத்தது. பாட்டு போயிற்று. "டிக்கெட் டிக்கெட்னு கத்தி கத்தி தொண்ட அவுட்டு ஆயிடுச்சும்மா" என்றார். ஆனால் கேசட் தப்பியது. அதை மகள் கணினிக்கு மாற்றி வைத்திருந்தாள். இப்போது, அப்பா அந்தப் பாட்டைப் பாடினால்தான் மேடையில் நிற்பேன் என்று பிடிவாதம்.

"கடைல விக்கிற பாட்டா இருந்தா கரோக்கி கெடைக்கும்" என்றார் தமிழரசு. "இது ஒலகத்துலயே ஒரே கேசட்டு. மூசிக் மேல இவரு கொரல் குந்திக்கினு கீது. அத்த எடுத்தாத்தான் இவரு இப்ப பாட முடியும். வாசிச்சவங்கள்ல பாதிப் பேரு இல்ல, மீதிப் பேரு எங்க கீறாங்கன்னே தெரியல."

ஏகாம்பரத்தின் போன் அடித்தது. மனைவி. அவருக்கு இது எதுவும் தெரியாது.

"பூ வாங்கிக்கினு கீறேன் சரோஜா" என்றார் ஏகாம்பரம். "கூட்டமா கீது. வந்துர்றேன்."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மெசேஜை வாய்விட்டுப் படிங்க தமிழரசு."

அவர் கஷ்டப்பட்டுப் படித்தார். ஒரு நூலகக் கோப்பைக் காணவில்லை. கடைசியாக எப்போது வேலை செய்தது? பழைய கணினியில் பிரமாதமாக வேலை செய்தது. என்ன மாற்றினீர்கள்?

"ஒண்ணுமே மாத்தல மேடம்."

நின்றேன்.

"கம்ப்யூட்டரை மாத்தினேன்."

புதுக் கணினி. அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்திருந்தார். திரை முழுக்கத் தமிழ். விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளை ஒட்டியிருந்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. புதுக் கணினியில் துணைக் கோப்புத் தொகுப்பு இருக்காது என்று நினைத்து, அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவினேன். திறக்கவில்லை. ஜெயிலில் பார்த்தேன், காலி. மென்பொருளை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். அதே பெட்டி. கோப்பு இருக்கவேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தேன். காணவில்லை என்று சொல்லப்பட்ட கோப்பு, வைத்த இடத்தில் அப்படியே இருந்தது!

இத்தனை வருடத்தில் காணாமல் போன கோப்புகளை நிறையத் தேடியிருக்கிறேன். கண்ணெதிரே இருப்பதைத் தேடவேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. கல்யாண வீட்டில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடும் பெரியப்பா நினைவு வந்தது. கீழே எவர்சில்வர் கடையின் ஒலிபெருக்கி "வாங்கம்மா வாங்க" என்று விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரத்தின் போன் மறுபடியும் அடித்தது. மல்லி முடிந்துவிட்டது, கனகாம்பரம் பார்க்கிறேன் என்றார்.

"மேடம், முடியலன்னா வுட்ருங்க" என்றார் போனை வைத்துவிட்டு. "பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கே உள்ளுக்குள்ள ஒதறலாத்தான் கீது."

அவர் முகத்தைப் பார்த்தபோது விடக் கூடாது என்று தோன்றியது. மென்பொருளைச் சின்னத்தைத் தட்டித் திறக்காமல், கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலிலிருந்து ஓட்டினேன். அப்படி ஓட்டினால் அது எங்கே போய் என்ன தேடுகிறது என்பதை வரிவரியாக உளறிவிடும். உளறியது. "படிங்க" என்றேன்.

தமிழரசு விரலை வைத்துப் படித்தார். "சி... யூசர்ஸ்... அப்பால கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி... இன்னா மேடம் இது, வரிசையா கேள்விக்குறியா கீது?"

"அந்த இடத்துல என்ன இருக்கணும்?"

"எம்பேரு."

கணினியை அமைக்கும்போது அவர் தன் கணக்குக்கு 'இசைக்கடல் தமிழரசு' என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார். அவருடைய கோப்புகள் எல்லாம் அந்தப் பெயருள்ள கோப்புறைக்குள்தான் இருக்கும். கணினிக்குத் தமிழ் தெரியும். ஆனால் பாட்டைப் பிரிக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுக்கொண்டு, அந்தக் கேள்விக்குறி விலாசத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. அப்படி ஒரு வீடே இல்லாததால், ஆளைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறது.

விளக்கியதும் தமிழரசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்மூர்ல நம்ம பாட்டப் பிரிக்க வந்துட்டு நம்ம பேரைப் படிக்கத் தெரியலன்னா தப்பு யார் மேல மேடம்?"

"அவங்க மேலதான்."

"அப்ப நான் எதுக்கு பேரை மாத்தணும்?"

"மாத்த வேண்டாம். சி டிரைவ்ல வெளியே ஒரு கோப்புறை போட்டு, அதுல நிறுவிடலாம். அந்தக் கோப்புறைக்கு மட்டும் இங்கிலீஷ்ல ஒரு பேர்..."

"முடியாது மேடம். எங்கூட்டுல எல்லாம் தமிழ்லதான் கீது. நாய்க்கு கூட மணிமாறன்னுதான் பேரு."

ஏகாம்பரம் பிளாஸ்கைக் கீழே வைத்தார். "டேய், எம்பொண்ணு கல்யாணம்டா."

கொஞ்சம் யோசித்து, "நம்பர் போட்டுக்கலாமா? ஒண்ணுன்னு" என்றேன். "நம்பர் எந்த மொழியும் இல்ல."

தமிழரசு யோசித்தார். "தமிழ் எண்ல போட்டா?"

"மறுபடியும் கேள்விக்குறிதான் வரும்."

"சரி, ஒண்ணு போடுங்க" என்றார், சொத்தில் பாதியை எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

ஒன்று என்ற கோப்புறையில் நிறுவினேன். திறக்கவில்லை! மறுபடியும் கறுப்பு ஜன்னல், மறுபடியும் வாய்விட்டுப் படிப்பு, மறுபடியும் கேள்விக்குறிகள். ஆனால் இந்தத் தடவை வரியின் கடைசிப் பகுதி வேறாக இருந்தது. இந்த மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன் நூலகக் கோப்புகளைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்துப் பரப்பிக்கொள்கிறது. அந்தத் தற்காலிகக் கோப்புறையும் தமிழரசுவின் பெயருக்குள்ளேதான் இருந்தது. கணினியின் அமைப்பில் போய், தற்காலிகக் கோப்புறையின் விலாசத்தையும் வெளியே மாற்றினேன். அதற்கு இரண்டு என்று பெயர் வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

திறந்தது. தமிழரசு கைதட்டினார். ஏகாம்பரம் சுவரில் இருந்த எல்லாச் சாமிப் படங்களையும் வரிசையாகக் கும்பிட்டார்.

இந்தக் குறையை மென்பொருள்காரர்களுக்குப் பிறகு எழுதிப் போட்டேன். மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த பதிப்பில் தமிழைப் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள். தமிழரசு ஒன்றையும் இரண்டையும் அழித்த பிறகுதான் சமாதானமானார்.

பாட்டை உள்ளே போட்டோம். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்ததும் இரண்டு கோப்புகள் வெளியே வந்தன. ஒன்று குரல், ஒன்று இசை. இசையை ஓட்டினோம். தபேலா இருந்தது, கிதார் இருந்தது, வயலின் இருந்தது. சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் திடீரென்று ஒரு பள்ளம். வெறும் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"இங்க கிளாரினெட்டு வரணுமே!" என்றார் ஏகாம்பரம்.

குரல் கோப்பை ஓட்டினோம். கிளாரினெட் அங்கே இருந்தது. மென்பொருள் அதை ஒரு மனிதர் பாடுகிறார் என்று நினைத்துவிட்டது.

"அவரு அப்டித்தான்மா வாசிப்பாரு" என்று ஏகாம்பரம் சிலிர்த்தார். "மனுசன் பாடுற மாதிரியே இருக்கும். மிசினையே ஏமாத்திட்டாரு பாரு!"

மறுபடி பிரித்துப் பார்க்க நேரமில்லை. தமிழரசு ஒரு வழி சொன்னார். மேடையில் இரண்டு கோப்பையும் சேர்த்தே ஓட்டுவது. மிக்ஸரில் குரல் கோப்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டியைக் கீழே இறக்கி வைத்திருப்பது. கிளாரினெட் வருகிற இடத்தில் மட்டும் ஏற்றுவது, சரணம் தொடங்கியதும் இறக்கிவிடுவது. "நீங்களும் வாங்க மேடம். இன்னொரு தபா கேள்விக்குறி போட்டான்னா நான் எங்க போவேன்?"

கீழே இறங்கியதும் ஏகாம்பரம் முதல் வேலையாகப் பூ வாங்கினார். கை கொள்ளாத அளவுக்கு. நான் காலரிலிருந்து விலைச் சீட்டை எடுத்துவிட்டேன்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. நான் தமிழரசுவின் பக்கத்தில் மிக்ஸரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சரோஜா அம்மாள் முதல் வரிசையில், பூக் கதையை இன்னும் நம்பாத முகத்தோடு இருந்தார். மகள் மைக்கைப் பிடித்து, "அடுத்து எங்க அப்பா பாடுவாரு" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இசை தொடங்கியது. அதன் முதல் துணுக்கிலேயே சரோஜா அம்மாளுக்கு அது எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டார்.

ஏகாம்பரம் பல்லவியைப் பாடினார். சுருதி அங்கங்கே விலகியது, மேல் ஸ்தாயியில் பேருந்து நடத்துனர் எட்டிப் பார்த்தார். ஆனால் பாடிவிட்டார். இடையிசை வந்தது. தமிழரசு பட்டியை ஏற்றினார். கிளாரினெட் மண்டபத்தில் எழுந்தது. சரணம் வரும் சமயம். ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. சரோஜா அம்மாள் அழுதுகொண்டிருந்தார். இவருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

தமிழரசுவின் விரல் பட்டிமேல் இருந்தது. இறக்கவேண்டிய இடம் அது. அவர் இறக்கவில்லை.

சரணம் கணீரென்று தொடங்கியது. இளைஞன் ஒருவனின் குரல், நடுக்கமில்லாமல், கொஞ்சம் திமிரோடு. மேடையில் ஏகாம்பரம் ஒரு கணம் திகைத்தார். பிறகு மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார். சரணத்தின் கடைசி வரியில் தொண்டை திறந்துகொண்டது. தமிழரசு மெல்லப் பட்டியை இறக்கினார். பல்லவியை மறுபடியும் நடத்துனரே பாடி முடித்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஏகாம்பரம் வியர்த்துப்போய் இறங்கி வந்தார். சரோஜா அம்மாளும் எழுந்து எங்கள் பக்கம் வந்தார்.

"எப்டி கீது?" என்றார் ஏகாம்பரம்.

"ஆரம்பத்துல சுமாரு. நடுவுல சோக்கா பாடினீங்க. கடைசியில மறுபடியும் சுமாரு" என்றார் சரோஜா அம்மாள்.

அவர் எங்களைப் பார்த்தார். "நடுவுல பாடுனதும் நான்தான, மேடம்?"

"சத்தியமா நீங்கதான் சார்" என்றேன். பொய் சொல்லாமல் ஒருவரைக் காப்பாற்றுகிற வாய்ப்பு என் தொழிலில் அடிக்கடி கிடைத்ததில்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியின் பாராட்டை வாங்கப் போனார்.

சரோஜா அம்மாள் மட்டும் போகவில்லை. மிக்ஸர்மேல் குனிந்து தமிழரசுவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்த நடுவுல பாடுன பையன் கீறான் பாரு, அவன் பாட்டை மட்டும் தனியா என் போனுக்கு அனுப்பிவுடு. இந்த ஆளுக்குத் தெரிய வேணாம்."